நாலு கைக்கு வந்த தேதிகள்

மாரிக்கனியும் பெனாசிரும் தங்கள் டிசைன் ஸ்டுடியோவுக்குப் பேர்ப்பலகை மாட்டிய தை மாத வியாழக்கிழமை காலையில், சிவகாசியிலும் சிவகாசி அச்சடித்து அனுப்பிய அத்தனை ஊர்களிலும், மாரிக்கனி வரைந்த எழுத்துகளும் எண்களும் தாங்கள் இருந்த இடத்தை விட்டு இறங்கி அவளை நோக்கி நடக்கத் தொடங்கின. முதலில் வந்து சேர்ந்தது பதினெட்டு. கீழே மோட்டார் காயில் கட்டும் ஆல்பர்ட்டின் கடைச் சுவரில், குழந்தை யேசுவின் படத்துக்கு அடியில், அன்றைய தேதியாகச் சிவப்பில் பெரிதாக நின்றிருந்த பதினெட்டு அது. ஒன்று முன்னால் இறங்கி, எட்டு வரும்வரை சுவரோரம் காத்து நின்று, பிறகு இரண்டும் சேர்ந்து தரையைக் கடந்து படியேறின. ஆல்பர்ட் பல்லில் கடித்திருந்த செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, "யம்மா மாரி, ஒன் பதினெட்டு மேல வருது, மிதிச்சிராதீங்க" என்று மாடியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு மறுபடி கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

பதினோரு வருஷம் மாரிக்கனி குணபாலன் முதலாளியின் அச்சகத்தில் எழுத்து வரைந்தவள். எந்த எழுத்து வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிற காலத்தில், முதலில் தாளில் பேனாவால் வரைந்து, நாலு நாள் சுவரில் ஒட்டி வைத்துப் போகிற போதும் வருகிற போதும் பார்த்து, ஒரு வளைவைச் சுரண்டி, ஒரு காலை நீட்டி, அப்புறம்தான் அதை மெஷினுக்குள் விடுவாள். தினசரி காலண்டரில் பெரிய தேதி எண்கள் அவளுடையவை. ராகு காலமும் நல்ல நேரமும் அவளுடையவை. அப்பளப் பாக்கெட்டும், தைல பாட்டிலும், பள்ளிக்கூட நோட்டில் பெயர், வகுப்பு, பாடம் என்று இருக்குமே, அதுவும் அவளுடையது. அவளுடைய இரண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கப் போகிற பெண்ணைப் போல இருக்கும். அவளுடைய ஏழு கதவில் சாய்ந்து யாருக்கோ காத்து நிற்கிற மாதிரி இருக்கும். கண் மங்கியவர்கள்கூடக் கூடத்தின் மறுமூலையிலிருந்து அவளுடைய தேதியைப் படித்துவிடுவார்கள். அவற்றுக்கு நிறம் கொடுத்தவள் பெனாசிர், பக்கத்து மேஜைக்காரி. அச்சாகி வருகிற தாளை வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பில் ஒரு சிட்டிகை மஞ்சள் கூடிப்போச்சு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். மாரிக்கனி அவளைப் 'பேனா' என்று கூப்பிடுவாள். அவள் மாரிக்கனியை 'ஏ மாரி' என்பாள்.

அந்தத் தேதி எழுத்துக்குச் சென்னையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். குணபாலன் தன் மகனை மேடையேற்றி, அவன்தான் வரைந்தான் என்று சொல்லி அதை வாங்க வைத்தார். போட்டோ பேப்பரில் வந்தது. மாரிக்கனி அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "காலண்டர் ஓரத்துல பொடி எழுத்துலயாவது என் பேரைப் போடுங்க முதலாளி" என்று கேட்டாள். குணபாலன் கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஏம்மா, சோறு அள்ளித் திங்கிற கைக்கு யாராவது பேரு வைப்பாங்களா?"

மறுநாள் சாயந்திரம் ஷிப்ட் விட்டு எல்லோரும் வெளியே போகிற நேரத்தில், கேட்டில் அவளை மட்டும் நிறுத்தினார்கள். டிசைனைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று முதலாளி வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார். நானூறு பேர் பின்னால் வரிசையில் நிற்க, அவள் பையைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார்கள். சீப்பு உருண்டது, மாத்திரை அட்டை விழுந்தது, பொது இடத்தில் ஒரு பெண் யாருக்கும் காட்டாத பொட்டலமும் விழுந்தது. வாட்ச்மேன் டிபன் பாக்ஸைத் திறந்து, மதியம் தின்றது போக மிச்சமிருந்த தயிர்ச்சோற்றைப் பேனாவால் கிளறிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. குணபாலன் மாடி ஜன்னலில் நின்று அதைக் கடைசிவரை பார்த்தார். பார்த்து முடித்ததும் ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்கு மாரிக்கனி அழவில்லை. கிளறிய சோற்றை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள். வரிசையில் பதினோராவதாக நின்ற பெனாசிர், தன் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டு அவள் கூடவே நடந்தாள்.

"நீ எதுக்குடி வேலையை விடுற? ஒன் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அவன் பேனாவை விட்டுக் கிளறுனான் பாரு, அப்பவே எனக்கு அந்த இடத்துச் சோறு எறங்காதுன்னு ஆயிருச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாக ஒரு டிசைன் ஸ்டுடியோ போடுவது என்று முடிவானபோது, குணபாலன் அதைக் கேள்விப்பட்டு, ஊரில் அவளுக்கு ஓர் அடி இடம் கிடைக்கக் கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார். பேசி வைத்த கட்டடங்களெல்லாம் திடீரென்று உறவுக்காரருக்கு வேண்டியவையாகிவிட்டன. கடைசியில் ஆல்பர்ட்தான் தன் கடை மாடியிலிருந்த இரண்டு அறைகளைக் கொடுத்தார். "எனக்கு அவரு அச்சகத்து மோட்டார் வேலை வராமப் போயிரும், அவ்வளவுதான? ஊர்ல கெணறு இருக்கிறவரைக்கும் மோட்டார் கருகத்தான் செய்யும்" என்றார்.

பேர் வைக்கத்தான் நாளாயிற்று. வெள்ளையடித்த வாசம் போகாத அறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, காராச்சேவைக் கொறித்துக்கொண்டே பெனாசிர் ஒவ்வொன்றாகச் சொல்வாள், மாரிக்கனி ஒவ்வொன்றாக அடிப்பாள். வானவில் கிராபிக்ஸ் என்றால், அது பெயிண்டுக் கடை என்பாள். மையகம் என்றால், தபால் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்பாள். ரெண்டு பேர் பேரையும் சேர்த்து 'பெமா' என்றதற்கு, பால் பவுடர் என்று இருவரும் சிரித்தார்கள். சிரித்து அடங்கியதும் மாரிக்கனியின் முகம் பழையபடி இறுகியது. கேட்டில் நின்ற சாயந்திரத்திலிருந்து அவள் முகம் எந்தச் சிரிப்புக்குப் பிறகும் அங்கேதான் போய் நிற்கும்.

"பேரு என்ன வேணா இருந்துட்டுப் போகட்டும் பேனா. அந்த ஆளை ஒரு கை பாக்காம எனக்குக் கண் மூடாது."

"ஒரு கை என்னடி ஒரு கை? ரெண்டு பேரு இருக்கோம், நாலு கை இருக்கு. நாலு கை பாத்துருவோம்."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் பேர். மாரிக்கனி அன்றைக்கே 'நாலு கை' என்று வரைய உட்கார்ந்தாள். வரைகிறபோது மனசுக்குள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: என்னுடையதெல்லாம் என்னிடம் வந்து சேர வேண்டும். பலகையை ஆல்பர்ட் ஏணி வைத்து ஏறி மாட்டி, கடைசி ஆணியை அறைந்த நொடியில், கீழே பதினெட்டு சுவரிலிருந்து இறங்கியது.

மத்தியானத்துக்குள் தெரு கறுத்துவிட்டது. எழுத்துகள் எறும்பைப் போல வரிசை கட்டி, திருத்தங்கல் பக்கமிருந்தும், சாத்தூர் சாலையிலிருந்தும், ரயில்வே கேட்டைக் கடந்தும் வந்தன. ககரமும் தகரமும் நிமிர்ந்து நடக்க, கொம்புள்ள எழுத்துகள் கொம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க, புள்ளிகள் பின்னாலே உருண்டு ஓடி வந்தன. கேட் கீப்பர் ரயில் போன பிறகும் எழுத்துகளுக்காக மூன்று நிமிஷம் கூடுதலாகக் கேட்டை மூடி வைத்தார். பூக்காரிகள் கூடையை ஓரம் தள்ளி வழிவிட்டார்கள். வெகுதூரம் நடந்து வருவது பசிக்குமே என்று சில வீடுகளில் வாசலில் அரிசி மாவைத் தூவி வைத்தார்கள். எழுத்துகள் அதைத் தொடவில்லை, ஆனால் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயின. மதுரையிலிருந்தவை இரண்டு நாளில் வந்தன, சென்னையிலிருந்தவை எட்டு நாளில் வந்தன. சிங்கப்பூரில் பலசரக்குக் கடைகளில் தொங்கிய தேதிகள் கப்பல் பிடித்துத் தூத்துக்குடியில் இறங்கி, உப்பு பூத்த உடம்போடு மாசி மாதம் முதல் வாரத்தில் வந்து படியேறின. நிகழ்கிற வருஷத்து எழுத்துகள் மட்டுமில்லை, கிழித்துப் போட்ட நாட்களின் தேதிகளும் வந்தன. பதினோரு வருஷத்தின் செவ்வாயும் வெள்ளியும் குப்பைமேடுகளிலிருந்தும் பழைய பேப்பர்க் கடைகளிலிருந்தும் வாய்க்கால்களிலிருந்தும் எழுந்து வந்தன. மாரிக்கனி வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி உள்ளே விட்டாள். முன்னறை நிறைந்ததும் பின்னறையைத் திறந்துவிட்டாள்.

வீடுகளிலெல்லாம் சாமி படங்கள் மட்டும் மிஞ்சின. கீழே தேதியில்லாத வெள்ளைத் தாள். செல்போனில் தேதி தெரியாதா என்று கேட்கலாம். தெரியும்தான், ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நாள் என்பது காலையில் எழுந்து கிழிக்கிறபோதுதான் பிறக்கும், போனில் தெரிவது யாரோ சொல்லக் கேட்டது மாதிரி. எனவே நாட்கள் குழம்பின. ஒரே ஊரில் பருப்புக் கிட்டங்கித் தெரு செவ்வாய்க்கிழமையிலும் அடுத்த தெரு புதன்கிழமையிலும் ஒன்பது நாள் வாழ்ந்தன. அந்தத் தெருவில் கறி எடுத்தால் இந்தத் தெருவில் விரதம். விருதுநகரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மேளத்தோடு வந்து இறங்கிவிட, பெண் வீட்டார் முகம் கோணாமல் அவர்களுக்கு இலை போட்டு, மறுநாளும் இலை போட்டார்கள். பிறகு கோயில் குருக்களும் பள்ளிவாசல் மோதினாரும் சர்ச்சில் மணியடிப்பவரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடிப் பேசி, தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய தேதியை ரோட்டில் சாக்பீஸால் எழுதிவிடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். ஜனங்கள் பால் வாங்கப் போகிறபோது தேதியையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தைலமும் விளக்கெண்ணெயும் பேரில்லாமல் ஒன்று போலிருந்ததால், மூக்கால் பார்த்து வாங்கப் பழகினார்கள். எதற்கும் பழகிவிடலாம் என்று தெரிந்தது.

ஒருத்தரும் மாரிக்கனியைத் திட்டவில்லை. வாட்ச்மேன் அவளுடைய சோற்றைக் கிளறியதை நானூறு பேர் பார்த்திருந்தார்கள், நானூறு பேரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்தவள் அப்பளம் போட்டு விற்கிற அன்னபாக்கியம். படியேறி மூச்சு வாங்கி, "யம்மா, மாரிக்கனி வரைஞ்ச எழுத்து எங்க பாக்கெட்டுல இருந்துச்சு, அது வேணும்" என்றாள். பேரைச் சொல்லிக் கேட்டாள், அவ்வளவுதான். மாரிக்கனி குனிந்து கையை நீட்ட, அப்பளத்தின் எழுத்துகள் கூட்டத்திலிருந்து பிரிந்து அன்னபாக்கியத்தின் கூடையில் ஏறின. மறுநாள் அந்தப் பாக்கெட்டின் ஓரத்தில் 'எழுத்து: மாரிக்கனி, நிறம்: பெனாசிர், நாலு கை' என்று பொடியாக இருந்தது. அதற்குப் பிறகு தைலக்காரர் வந்தார், நோட்டுப் புத்தகக்காரர் வந்தார், கடலைமிட்டாய்க்காரர்கள் அண்ணன் தம்பியாக வந்தார்கள். வந்தவர்கள் புது வேலையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெனாசிர் ஒரு மேஜை கூடுதலாக வாங்கிப் போட்டாள்.

காலண்டர் தேதிகளை மட்டும் மாரிக்கனி விடவில்லை. கேட்டவர்களிடம், "அது குணபாலன் முதலாளி பேருல போன காலண்டரு. அவரு வந்து கேக்கட்டும்" என்றாள்.

குணபாலனின் அச்சகத்தில் பேர்ப்பலகை வெறும் தகரமாக நின்றது, அதுவும் அவள் வரைந்தது. வீட்டு வாசல் கல்லில் அவள் எழுதிக் கொடுத்த பேரும் போய்விட்டதால் தபால்காரர் கடிதங்களைத் திருப்பி அனுப்பினார். ஜவுளிக் கடைகளும் மளிகைக் கடைகளும் தேதியில்லாத காலண்டர்களை லாரி லாரியாகக் கொண்டு வந்து அவருடைய கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போயின. அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் ஷிப்டுக்கு ஆள் போக வேண்டியிருந்தது, பிறகு ஆட்கள் சுற்றிப் போவதையும் விட்டுவிட்டார்கள். அவர் எழுத்துத் திருட்டு என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் வந்து முன்னறை நடுவில் நின்று, "யாருதுப்பா நீங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அத்தனையும் மாரிக்கனியின் பாதத்தைச் சுற்றி ஒதுங்கின. "தானா நடந்து வந்ததுக்கு எந்தச் செக்‌ஷன்ல போடுறது" என்று சொல்லிவிட்டு, தன் மகள் நோட்டுக்குப் 'பெயர்' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க மாரிக்கனிக்கு உடம்பு தேறியது. குழி விழுந்திருந்த கன்னம் நிரம்பியது. ஒவ்வொரு நாளும் வேலைக்கு வருகிற வழியில், தேவையில்லாமல் இரண்டு தெரு சுற்றி, அந்த வெறும் தகரத்தைப் பார்த்துவிட்டு வருவாள். பெனாசிர் ஒருநாள், "போதும்டி, மனுஷன் பாதியா எளைச்சுட்டாராம்" என்றாள்.

"மீதிப் பாதி இருக்குல்ல" என்றாள் மாரிக்கனி.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் குணபாலன் வந்தார். காரில் வரவில்லை, நடந்து வந்தார். தெருவே வேலையை நிறுத்திவிட்டு மாடிப்படியடியில் கூடியது. அவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள்தான் பாதிப்பேர். அறுபத்தைந்து வயசுக்காரர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மேலே வந்து நின்று, "மாரிக்கனி" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயால் அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் அவள் பேரைப் போடுகிறேன் என்றார். கேடயம் வாங்கியது தப்பு என்றார். கீழே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"பையைக் காட்டுங்க" என்றாள் மாரிக்கனி.

அவருக்குப் புரிந்தது. தோள்பையை மேஜையில் கவிழ்த்தார்.

"சட்டைப் பையையும்."

மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்தார், பேனாவை வைத்தார், மாத்திரை அட்டையை வைத்தார். கடைசியாக, எட்டாக மடித்து ஓரமெல்லாம் நைந்து போன ஒரு சின்னத் தாளை எடுத்தார். எடுத்ததும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். மாரிக்கனி அதை வாங்கிப் பிரித்தாள். தினசரி காலண்டர் தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

"என்ன இது?"

"என் சம்சாரம் போன நாளு. நாலு வருஷம் முந்தி, பதினேழாம் தேதி. ஒன் எழுத்து வந்தன்னைக்கு என் சட்டைப் பையில இருந்து அதுவும் எறங்கி வந்துருச்சும்மா." அவர் கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார். "காலண்டர் தேதிய நீ விடு, விடாமப் போ. எனக்கு அந்தப் பதினேழை மட்டும் குடு."

"தேதி மறந்தா போச்சு? ஒங்க பேனா இருக்குல்ல, எழுதிக்கோங்க."

"தேதி தெரியும்மா. எங்க வீட்டுல எப்பவும் அவதான் கிழிப்பா. பதினாறாம் தேதித் தாளை அவ கிழிச்சா. பதினேழைக் கிழிக்க அவ இல்ல. மறுநா காலையில யாரும் கிழிக்காம அது அப்படியே நின்னுச்சு, நான் போய்க் கிழிச்சேன். கோடிக்கணக்குல காலண்டர் அடிச்சவன், அன்னைக்குத்தான் மொதமொதலா ஒரு தேதியைக் கிழிச்சேன்."

பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரிக்கனி ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பதினேழைத் தெரியும். எழுத்துகள் வந்த முதல் நாளே, சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகிவிட்ட ஒரு ஒன்றும் ஒரு ஏழும், கற்பூர வாசனையோடு படியேறி வந்து, மற்ற எதனோடும் சேராமல் ஜன்னல் விளிம்பில் போய் ஒட்டி நின்றன. யாருடையதோ என்று அன்றைக்கு நினைத்திருந்தாள். இப்போது அவை இரண்டும் குரல் வந்த பக்கம் திரும்பி, விளிம்பிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தன. அவர் கண்ணாடி மேஜையில் கிடந்தது. அவருக்கு ஜன்னல் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். மாரிக்கனி எழுந்து போய், எதையோ ஒழுங்குபடுத்துகிறவளைப் போல ஒரு தாளை அவற்றின் மேல் வைத்து, தாளோடு வாரிக்கொண்டு வந்து, மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். வெகுநாள் தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி நெஞ்சு முழுக்கக் குளிர்ந்தது.

"கிழிச்ச நாளெல்லாம் பின்னறையில இருக்கு. பதினோரு வருஷத்துத் தேதி. தேடிக்கோங்க முதலாளி" என்றாள்.

அந்த வாரமே நிகழ்கிற வருஷத்துத் தேதிகளை எல்லாம் அவள் திருப்பி அனுப்பினாள். அவை வந்த வழியே வரிசை கட்டிப் போய், ஏறி, பழைய இடத்தில் நின்றன. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அவள் பேரும் பெனாசிரின் பேரும் இருந்தன. பருப்புக் கிட்டங்கித் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஒரே நாளைக் கிழித்தார்கள். குணபாலனின் மகன் அச்சகத்தை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டுக் கோயமுத்தூருக்குப் போனான். குணபாலன் போகவில்லை. ஸ்டுடியோ திறக்கிற பத்து மணிக்கு வருவார், செருப்பைப் படியடியில் விடுவார், பின்னறையில், திரும்பிப் போக இடமில்லாமல் மிஞ்சிவிட்ட கிழிந்த நாட்களின் குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏழுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்ப்பார். ஊர் அதற்கும் பழகியது. டீக்கடையிலிருந்து நாலு கைக்கு வருகிற டீ இரண்டிலிருந்து மூன்றானது. ஆல்பர்ட் அவர் உட்காரக் கீழேயிருந்து ஒரு பலகையை அனுப்பி வைத்தார்.

பெனாசிருக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும், வேலை குறைந்த சாயந்திரங்களிலும் அவளும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேடினாள். நிறம் பார்க்கிற கண் அவளுடையது; மங்கலான சிவப்பாக இருக்கும் என்று அவர் சொல்லியிருந்ததால், குவியலில் செங்கல் நிறம் தட்டுப்படுகிறதா என்று துழாவிக்கொண்டே இருப்பாள். "நாமளே அடிச்ச தேதி, நமக்குத் தெரியாமப் போயிருமா முதலாளி" என்று அவருக்குத் தைரியம் சொல்வாள். மாரிக்கனி தன் மேஜையிலிருந்து இரண்டு முதுகுகளையும் பார்ப்பாள். முதல் மாதத்தில் ஒவ்வொரு நாளும் இழுப்பறையை விரலளவு திறந்து, உள்ளே ஒன்றும் ஏழும் அசைவதைப் பார்த்துவிட்டு மூடுவாள். அந்தத் திருப்தியில் அன்றைய வேலை சுத்தமாக வரும். பிறகு வாரம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தீபாவளி லேபிள் வேலைகள் குவிந்தன, பட்டாசுக்காரர்கள் படியிலேயே காத்து நின்றார்கள், பார்க்க மறந்தாள்.

ஆடி மாதம் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பெனாசிர் கை கழுவிக்கொண்டு வந்து அவளருகில் நின்றாள்.

"ஏ மாரி, அவருக்கு ரெண்டு முட்டியும் வீங்கியிருக்கு, பாத்தியா? எந்திருக்க முடியல. அந்தப் பதினேழு எங்க போயிருக்கும்? நீதான வரைஞ்ச. ஒனக்குத் தெரியாத ஏழா? ஒரு நா நீயும் வந்து தேடு. எனக்காக வா."

மாரிக்கனி திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பின்னறையைப் பார்த்தாள். கிழவர் ஒரு காலை நீட்டி, முட்டியைத் தடவிக்கொண்டே, மறு கையால் ஒரு ஏழை எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவளுக்குள் எதுவும் பொங்கவில்லை. தேடிப் பார்த்தாள், கோபம் இருந்த இடத்தில் கோபம் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. சரி, கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டையும் ஏற்றி, எங்கேயோ அகப்பட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

"நீ போ பேனா, வர்றேன்" என்றாள். பெனாசிர் சிரித்துக்கொண்டே போய்க் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரிக்கனி குனிந்து பூட்டைத் திறந்தாள்.

ஒன்று இழுப்பறையின் மூலையில் மல்லாந்து கிடந்தது. ஏழு அதன் மேல் மடங்கிக் கிடந்தது. காற்றில்லாத இடத்தில் செத்து உலர்ந்த பூச்சி மாதிரி இரண்டும் சுருங்கியிருந்தன. அவள் சுண்டுவிரலால் ஏழைத் தொட்டாள். அது உதிர்ந்தது. ஒன்றைத் தொட்டாள். அதுவும் உதிர்ந்தது. விரல் நுனியில் செங்கல் நிறத்தில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது, அதில் இன்னும் கற்பூரம் வாசம் அடித்தது.

அவள் இழுப்பறையை மூடினாள். விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள், வாசம் போகவில்லை, மறுபடி துடைத்தாள். எழுந்து போய்ப் பின்னறை வாசலில் நின்றாள். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கும்பிடப் போகிறவரைப் போல இரண்டு கையும் பாதி உயர்ந்தன.

"ஒனக்கு எதும் தட்டுப்பட்டுச்சாம்மா?"

பெனாசிரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தேடுங்க முதலாளி" என்றாள் மாரிக்கனி. "இருக்கும்."

கிழவர் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். பெனாசிர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு ஏழை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இது பாருங்க, கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய் வெகுநேரம் முகர்ந்தார்.

"இல்ல தாயி, இது வேற யாரு வீட்டு ஏழோ" என்று சொல்லி, அதை அலுங்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.